தொண்ணூறுக்கு மேலே

குளியலறையில் மக்கில் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்கவில்லை. குழாய்ச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. முதலில் காலி வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம், பிறகு பாதி வாளியில் விழுகிற சத்தம், பிறகு நிறைந்து வழிகிற சத்தம், இப்போது ரொம்ப நேரமாக அதே சத்தம், ஏறாமல் இறங்காமல். குளிக்கிறவள் என்றால் மொண்டு ஊற்ற வேண்டும், ஊற்றினால் தரையில் சளார் என்று விழ வேண்டும், நடுவில் சோப்புப் போடுகிற நேரம் கொஞ்சம் அமைதி வேண்டும், அப்புறம் மறுபடி சளார். பதிமூன்று வருஷமாக இந்த வீட்டில் என் பெண் மிதுனா குளிக்கிற சத்தம் எனக்குத் தெரியும். இது குளிக்கிற சத்தம் இல்லை. ஏழு இருபதுக்கு உள்ளே போனாள். இப்போது ஏழு ஐம்பது. எட்டரைக்குப் பள்ளி வேன் வரும். நானும் எட்டரைக்குப் பட்டறையில் இருக்க வேண்டும், பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் ஸ்டோர் என் பொறுப்பு, நான் போய்த் திறந்தால்தான் பெயின்டர்களுக்கு டின் கிடைக்கும், ஆனால் நான் குளியலறைக் கதவுக்கு வெளியே, லுங்கியோடு, பாதி குடித்த காப்பி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். காப்பி ஆறிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தால் சத்தம் கேட்கும், சத்தம் கேட்டால் நான் இங்கேயே நிற்பது அவளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் என்ன, தெரியட்டுமே, இல்லை, தெரிய வேண்டாம், 'இன்னிக்கு இருக்கு உனக்கு' என்று சொன்னவன் கதவுக்கு வெளியிலேயே நிற்கிறான் என்று அவள் நினைக்கக் கூடாது. ஏன் அப்படிச் சொன்னேன். மூன்றே வார்த்தை. அவள் அம்மா பரிமளா இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவள் ஆறே முக்காலுக்கே கம்பெனி வேனில் போய்விட்டாள், போர்வையும் திரைத்துணியும் செக்கிங் பண்ணுகிற கம்பெனி, உள்ளே போனதும் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள், மத்தியானம் சாப்பாட்டு நேரம் வரை அவளுக்கு எதுவும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும், அந்த வகுப்பு வாட்ஸப்பில் இருக்கிற நாற்பது வீட்டுக்கும்.

காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் டிங் என்றது. எட்டாம் வகுப்பு டீச்சர் அனுப்பிய செய்தி. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் ஐம்பதுக்குக் குறைவாக எடுத்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு, பெற்றோர் தவறாமல் அனுப்பவும். கீழே பெயர்கள். சும்மாதான் படித்தேன், யார் வீட்டுப் பிள்ளை பாவம் என்று பார்க்கிற ஆசையில்தான் படித்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏழாவது பெயர் மிதுனா, இனிஷியல் எம், பக்கத்தில் நாற்பத்தொன்று. வேறு மிதுனா இருக்கும் என்றுதான் முதலில் பட்டது. ஏனென்றால் நேற்றுச் சாயங்காலம்தான் நான் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டேன், கணக்கில் தொண்ணூற்றொன்று, என் கண்ணால் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். பாடத்துக்கு ஐந்நூறு, தொண்ணூறும் அதற்கு மேலும் என்றால். அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். நான் போனை உயர்த்திப் பிடித்தபடியே, "மிதுனா, கணக்குல உனக்கு எவ்வளவு?" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு நொடிகூட இருக்காது. அப்போது எனக்குப் புரிந்தது, நாலு, மேலே திறந்திருக்கிற நாலு, அதன் மேல்பக்கத்தை ஒரு சின்னக் கோட்டால் மூடினால் ஒன்பது. ஒரே ஒரு கோடு. அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். நான் பின்னாலேயே வந்து கதவில் கையை வைத்து, "வெளிய வா, இன்னிக்கு இருக்கு உனக்கு" என்றேன். குழாயைத் திறந்தாள். அதிலிருந்து இந்தச் சத்தம்தான்.

மொத்த மதிப்பெண் நானூற்று மூன்று என்று அந்தக் கார்டின் அடியில் எழுதியிருந்தது. இப்போது அது கண் முன்னால் நிற்கிறது, நீல மையில், டீச்சரின் சாய்ந்த எழுத்தில். கணக்கில் தொண்ணூற்றொன்று என்றால் கூட்டினால் நானூற்றைம்பத்து மூன்று வர வேண்டும். நான் கூட்டிப் பார்க்கவில்லை. நாளெல்லாம் ஸ்டோரில் போல்ட்டையும் நட்டையும் எண்ணிக் கூட்டுகிற ஆள், ஒரு டின் குறைந்தால் கண்டுபிடிக்கிற ஆள், என் பெண்ணின் கார்டைக் கூட்டிப் பார்க்கவில்லை. ஏனென்றால் பாடத்துக்குத்தான் பணம், மொத்தத்துக்கு இல்லை. நான் மொத்தத்தைப் பார்க்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறாள். என் கண் எங்கெங்கே போகும், எங்கே போகாது என்று பதிமூன்று வயசுக் குழந்தை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது, அந்தக் கணக்கில் அவளுக்கு நூற்றுக்கு நூறு. சிரிப்பு வருகிற மாதிரி இருக்கிறது, வரவில்லை. "ஏனுங் மோகன்!" மேலேயிருந்து குரல். வீட்டுக்காரம்மா. மாடிப்படி வளைவில் நின்று கீழே எட்டிப் பார்க்கிறார். "தண்ணி அரைமணி நேரமா போயிட்டே இருக்குதே, டேங்க் காலியாயிரும், மோட்டார் போட்டா கரண்ட்டு பில்லு யாரு கட்டறது?" நான் சிரித்தேன். எப்படி அந்தச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. "பாப்பா குளிக்கறாங்க்கா, இப்ப வந்துருவா." "வயசுப் புள்ள, தலைக்கு ஊத்தறாளாக்கும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். ஆமாம், தலைக்கு ஊற்றுகிறாள், அவ்வளவுதான், வேறென்ன, வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றுவாள், இன்று வியாழக்கிழமை.

உள்ளே வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. வாளியில் போடுகிற கம்பி ஹீட்டர். மார்கழிக் குளிருக்கு நான்தான் போன வாரம் வாங்கி வந்தேன், சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கம்பியை எடுக்க வேண்டும், அணைத்துவிட்டுத்தான் தண்ணீரில் கை வைக்க வேண்டும் என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னேன், பரிமளாவிடம் மூன்று தடவை. இன்று போட்டாளா? வாளி நிறைந்து வழிகிறது, ஈரத்தரை, வெறுங்கால். சுவிட்ச் வெளியில்தான் இருக்கிறது, இதோ என் தோளுக்கு நேராக, அணைந்திருக்கிறது, அணைந்துதான் இருக்கிறது, விரலால் தடவியும் பார்த்துவிட்டேன். அப்பாடா. ஆனால் அந்த அப்பாடா நெஞ்சு வரை வந்து சேர்வதற்குள் இன்னொன்று எழுந்துவிடுகிறது, உள்ளே மேல் தட்டில் என் ஷேவிங் செட், அதை நினைக்காதே, பக்கத்தில் கழிவறை கழுவுகிற பாட்டில், அதையும் நினைக்காதே, அவள் குழந்தை, பூச்சியைப் பார்த்தால் அலறுகிறவள், ஊசி போட்டுக்கொள்ளும்போது என் கையை நசுக்குகிறவள். ஆனால் பெயின்டர் தங்கமுத்துவின் அக்கா மகன்கூட அப்படித்தானே இருந்தான். போன மே மாதம் ரிசல்ட் வந்த அன்று செருப்புகூடப் போடாமல் வீட்டை விட்டுப் போனான், நாலு நாள் கழித்துத் திருச்சி ஜங்ஷனில் கண்டுபிடித்தார்கள். உயிரோடுதான். அதற்குப் பிறகு தீபாவளி வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். தங்கமுத்து டீ குடிக்கும்போது அதைச் சொன்னான், நாங்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினோம், நான் சொன்னேன், என் வாயால் சொன்னேன், "புள்ளைங்கள மெரட்டக் கூடாதுப்பா, ஆசை காட்டிப் படிக்க வெக்கோணும், நான் என்ற பொண்ண ஒரு அடி அடிச்சதில்ல." பெருமையாகச் சொன்னேன். டீக்கடைக்காரர்கூடத் தலையை ஆட்டினார்.

அடித்ததில்லை, அது நிஜம். அடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா தறி ஓட்டினார், ஷிப்ட் முடிந்து வந்ததும் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், ரேங்க் கார்டு வருகிற நாளில் மாட்ட மாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லுவார், இன்னிக்கு இருக்கு உனக்கு. அதே மூன்று வார்த்தை. நான் மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன். முப்பது வருஷமாக அவை எங்கே கிடந்தன, எந்த மூலையில், துருப்பிடிக்காமல், என் வாய்க்குள் அவ்வளவு தயாராக? மிதுனா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் ஒன்றே ஒன்றுதான் நினைத்தேன், இவள் ரேங்க் கார்டைப் பையிலிருந்து எடுக்கும்போது இவளுக்குக் கை நடுங்கக் கூடாது. அதற்காகத்தான் பணம். மூன்றாம் வகுப்பில் டிக்டேஷனில் பத்துக்குப் பத்து வாங்கி வந்தாள், ஒரு நூறு ரூபாய் நோட்டை அவள் கையில் வைத்தேன், அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு எனக்குக் கண் கலங்கிப் போயிற்று. பரிமளாதான் சொன்னாள், "ஒரு சாக்லேட்டு போதாதுங்களா? படிக்கறதுக்குக் கூலி குடுக்கற மாதிரி இருக்குதுங்க." நான் சொன்னேன், "எனக்கு ஓவர்டைம் குடுத்தா நிக்கறேன், குடுக்காட்டி நிக்கறனா? அவளும் மனுஷிதான." பரிமளா அடுப்பைப் பார்த்தபடி, "உங்களுக்கு முதலாளி, அவளுக்கு நீங்க முதலாளி இல்லீல்ல" என்றாள். அன்றைக்கு அது வெறும் பேச்சாகப் பட்டது. பேச்சில் ஜெயிக்கிறாளே என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

மறுபடி காது கொடுத்துக் கேட்டேன், மக்குச் சத்தம் இல்லை. ஏதோ ஒரு சின்னச் சத்தம், சரக் சரக் என்று, இருந்ததா, இல்லை காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தமா? கதவில் காதை வைக்கிறேன். பிளாஸ்டிக் கதவு, தண்ணீர் விழுகிற அதிர்வில் லேசாக நடுங்குகிறது, கன்னத்தில் அந்த நடுக்கம் தெரிகிறது. ஒரு உதை விட்டால் தாழ்ப்பாள் பிய்ந்துவிடும். ஏன் விடவில்லை? கால் எழவில்லை. உதைத்துக்கொண்டு உள்ளே போகிறவனைப் பார்த்து அவள் என்ன நினைப்பாள், அடிக்க வருகிறான் என்றுதான் நினைப்பாள், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவள்கூட அந்த நொடியில் பயத்தில் ஏதாவது. வேண்டாம். பின்பக்கச் சந்தில் வென்டிலேட்டர் இருக்கிறது, ஸ்டூல் போட்டு ஏறினால் தெரியும். சமையலறைக்குப் போய் டம்ளரை வைத்துவிட்டு ஸ்டூலை எடுத்தேன், எடுத்துக்கொண்டு பின்கதவு வரை போனேன், நின்றேன். பெரிய பெண்ணாகிவிட்டாள். குளிக்கிற அறையில் அப்பா எட்டிப் பார்த்தான் என்றால் அது அவளுக்கு ஆயுசு முழுக்க இருக்கும். பார்க்காமல் இருந்து, பார்க்காததால் ஏதாவது ஆகிவிட்டால் அது எனக்கு ஆயுசு முழுக்க இருக்கும். ஸ்டூலைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு மறுபடி கையில் எடுத்தேன். மறுபடி வைத்தேன். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள்.

அவள் அறைக்குள் போனேன். மேசை மேல் ஸ்கூல் பை, மூடி வைத்திருக்கிறாள், பக்கத்தில் இஸ்திரி போட்ட யூனிபார்ம், ரிப்பன் இரண்டும் சுருட்டி வைத்திருக்கிறாள், பள்ளிக்குப் போகிற எண்ணம் இருக்கிறவள்தான் ரிப்பனைச் சுருட்டி வைப்பாள், அப்படித்தானே? பையைத் திறந்தேன். என்ன தேடினேன் என்று எனக்கே சொல்லப் பயம். கடிதம் மாதிரி ஏதாவது இருந்துவிடுமோ என்றுதான் ஒவ்வொரு நோட்டையும் உதறினேன். ஒன்றும் விழவில்லை. நேற்று நான் கொடுத்த ரூபாய் நோட்டுகள் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் மடித்த மடிப்போடு இருந்தன. ரேங்க் கார்டு இல்லை. நேற்று கையெழுத்துப் போட்டதும் அவள் அதை இந்தப் பையின் முன் ஜிப்பில்தான் வைத்தாள், நான் பார்த்தேன். இல்லை. அடியில் ஒரு டிராயிங் நோட்டு. இரண்டு பக்கம் வரைந்திருக்கிறது, ஒரு பஸ், எங்கள் பட்டறையில் நிற்கிற மாதிரி கண்ணாடி மாட்டாத பஸ், ஜன்னல் ஜன்னலாக வெறும் ஓட்டை, அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுத்தாள். அது எப்போது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏழாவது ஆரம்பத்தில், இதைக் கொண்டுவந்து காட்டி, "டிராயிங்குக்கு எவ்வளவுப்பா?" என்று கேட்டாள். "அதுக்கெல்லாம் கிடையாது கண்ணு, அது பாடமில்லீல்ல" என்றேன். பஸ் நன்றாக இருக்கிறது என்று சொன்னேனா? சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க வேண்டும். ஞாபகம் வரவில்லை. அந்த வருஷம்தான் கடைக்குப் போய்த் தயிர் வாங்கி வரச் சொன்னால் "எவ்வளவு தருவம்மா?" என்று கேட்க ஆரம்பித்தாள், நாங்கள் கெட்டிக்காரி என்று சிரித்தோம், நான் சிரித்தேன், பரிமளா சிரித்தாளா? அதுவும் ஞாபகம் வரவில்லை. அப்புறம் ஒரு தடவை அறிவியலில் எண்பத்தொன்பது. "ஒரு மார்க்குல ஐந்நூறு போச்சு பாரு" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பை ஞாபகப்படுத்திக் கேட்டுப் பார்க்கிறேன், அதில் ஏதோ, வீட்டுக்காரம்மாவுக்கு நான் கொஞ்ச நேரம் முன்னால் சிரித்த மாதிரி.

எட்டு ஐந்து. கதவுக்கு முன்னால் வந்து நின்றேன். கூப்பிட வேண்டும். எந்தக் குரலில் கூப்பிடுவது? அதட்டினால் பயப்படுவாள், கெஞ்சினால் இன்னும் பயப்படுவாள், ஏனென்றால் நான் கெஞ்சி அவள் கேட்டதில்லை. விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினேன். "மிதுனா. பாப்பா." தண்ணீர்ச் சத்தம். "வேனுக்கு நேரமாச்சு கண்ணு." தண்ணீர்ச் சத்தம். "அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன், வா." அதற்கும் தண்ணீர்ச் சத்தம்தான். ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிற வார்த்தையை யார் நம்புவார்கள், நான் என் அப்பா சொன்னபோது நம்பினேனா? நெற்றி வேர்த்துவிட்டது, மார்கழி மாசத்தில். அப்போது என் வாய் திறந்தது, நான் யோசிக்கவே இல்லை, சத்தியமாக யோசிக்கவில்லை, சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. "கதவத் திற கண்ணு. ஐந்நூறு தர்றேன்."

குழாய் நின்றது. முக்கால் மணி நேரமாக ஓடிய சத்தம் நின்றதும் வீடே காலியாகிப் போன மாதிரி இருந்தது. சொட்டு விழுகிறது. இன்னொரு சொட்டு. பிறகு உள்ளேயிருந்து அவள் குரல், அழுது அடைத்த குரல் இல்லை, கோபக் குரல் இல்லை, கடையில் பாக்கிச் சில்லறையை மறுக்கிற மாதிரி ஒரு சாதாரணக் குரல்.

"வேணாம்."

உயிரோடு இருக்கிறாள். முதலில் அதுதான். பேசுகிறாள், உயிரோடு இருக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அடுத்த மூச்சுக்குள் அந்த வார்த்தை உள்ளே இறங்கிவிட்டது, இறங்கி முன்னைவிடப் பெரிய பயமாக உட்கார்ந்துவிட்டது. வேணாம் என்கிறாள். மூன்றாம் வகுப்பிலிருந்து இன்றுவரை அவள் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. வேண்டும் என்கிற பிள்ளையை எப்படி வெளியே கூட்டி வருவது என்று எனக்குத் தெரியும், அதற்கு என்னிடம் பர்ஸ் இருக்கிறது. வேணாம் என்கிற பிள்ளையை? எதுவும் வேணாம் என்றால் வெளியே எதற்கு வர வேண்டும்? என்ன இருக்கிறது இந்தப் பக்கம், லுங்கியோடு வேர்த்து நிற்கிற ஒரு ஆளைத் தவிர? ஐந்து வருஷமாக நான் அவளிடம் பேசியதெல்லாம் என்ன என்று தேடுகிறேன், கை விட்டுத் துழாவுகிறேன், எவ்வளவு, எத்தனை, யார் பர்ஸ்ட், ஏன் குறைஞ்சது, இந்தா, வெச்சுக்கோ. வேறு ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. சொட்டுச் சத்தமும் நின்றுவிட்டது. மறுபடி அமைதி. அந்த அமைதியில் என் வாயில் வேறொன்றும் இல்லாததால் இருந்ததைச் சொன்னேன்.

"எனக்குப் பயமா இருக்குது சாமி."

"உனக்கா?" என்றாள்.

"ம்."

"உனக்கு என்னத்துக்குப் பயம்?"

"நீ வெளிய வர மாட்டீங்கற. அதான்."

"நான் இங்கதானப்பா இருக்கேன்" என்றாள், பெரிய மனுஷி சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி, அந்தக் கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. தாழ்ப்பாள் இழுபட்டது. திறந்தாள். இரவு போட்டிருந்த அதே பாவாடை சட்டை, முன்பக்கம் எல்லாம் நனைந்து ஒட்டியிருக்கிறது, தலை காய்ந்தே இருக்கிறது. கண் சிவந்திருக்கிறது. ஒரு கையில் பல் தேய்க்கிற பிரஷ், இன்னொரு கையில் ரேங்க் கார்டு, கார்டு என்றா சொல்வது, ஊறிப் பிய்ந்து நடுவில் ஓட்டை விழுந்த அட்டை, மை கரைந்து அவள் விரலெல்லாம் நீலம். துண்டுக்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோயிருக்கிறாள். "டீச்சர் பாத்தா தெரிஞ்சிரும்ல, அதான் திரும்ப நாலாவே மாத்திரலாம்னு தேச்சேன். கிழிஞ்சு போச்சுப்பா" என்றாள். நான் சிரித்துவிட்டேன். நிம்மதியில் வந்த சிரிப்பு, ஆனால் அவளுக்கு அது எப்படிக் கேட்டதோ, இரண்டு அடி பின்னால் போனாள், முதுகு சுவரில் இடித்தது, கை தானாக முகத்துக்கு முன்னால் போயிற்று. ஒரு அடிகூட வாங்காத பிள்ளையின் கை. அதை எங்கே கற்றுக்கொண்டது? நான் அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன், அவளைவிடக் கீழே இருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. கை மெதுவாகக் கீழே இறங்கியது.

வேன் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பட்டறைக்குப் போன் செய்து லேட்டாகும் என்றேன். யூனிபார்ம் மாற்றிக்கொண்டு அவள் சீப்போடு கூடத்தில் வந்து நின்றாள், தலை பின்னிவிடுகிறவள் பரிமளா, இன்று காலையில் அவசரமாகப் போய்விட்டாள். "குடு" என்றேன். எனக்குப் பின்னத் தெரியாது. அவள் எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, எப்படி மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று சொன்னாள். முகம் எனக்குத் தெரியவில்லை, எனக்கு அதுவே சௌகரியமாக இருந்தது, அவளுக்கும் இருந்திருக்கும்.

"ஏஞ்சாமி மாத்துன? காசு எதுக்காச்சும் தேவையா?"

தலையை ஆட்டினாள், கையிலிருந்த முடி நழுவிப் போயிற்று. "காசில்லப்பா. சயின்ஸ்ல எண்பத்தொம்போது வாங்கினன்ல, அப்ப நீ பர்ஸ எடுத்த, கார்டப் பாத்துட்டுத் திரும்ப உள்ள வெச்சுட்ட. அது மாதிரி இன்னொருக்கா வெப்பீன்னு."

அதை நான் செய்தது எனக்கு ஞாபகமே இல்லை. பர்ஸை எடுத்திருப்பேன், வைத்திருப்பேன், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை எடுத்து வைக்கிறேன். என்னிடம் பெல்ட் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்கூலுக்கு நானும் வர்றேன்" என்றேன். "கார்டு இப்படி ஆயிருச்சுன்னு சொல்லலாம்."

"எப்படி ஆச்சுன்னு கேட்டா?"

"நடந்தத சொல்லலாம். நீ பாதி சொல்லு, நான் பாதி சொல்றேன்."

"உனக்கென்ன பாதி? நான்தான மாத்துனேன்."

"எனக்கும் இருக்குது" என்றேன். ஒரு பின்னல் முடிந்தது, கோணலாக, காதுக்கு மேலே ஒரு கற்றை வெளியே நீட்டிக்கொண்டு. ரிப்பன் கட்டினேன். "இறுக்காத" என்றாள். தளர்த்தினேன். பிறகு அவள் கேட்டாள், "அடுத்த தடவ அம்பது வந்தா?"

"அம்பதுன்னு காட்டு. எங்க புரியலன்னு கேப்பேன்."

"தொண்ணூறு வந்தா?"

"அப்பவும் காசு இல்ல. இனிமே அது வேணாம் கண்ணு."

அவள் கட்டின ரிப்பனின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். எதையோ மறுபடி பிடுங்கிக்கொண்டுவிட்டேனா?

"அப்பறம் எப்படித் தெரியும்?"

"என்ன?"

"உனக்கு சந்தோஷமா, இல்லியான்னு."

எதிரே சுவரில் காலண்டர், அதன் தாள் காற்றில் எழுந்து எழுந்து படிகிறது. "சொல்லுவேன்" என்றேன். "வாயால சொல்லுவேன்."

"சரிப்பா" என்றாள்.

அந்தச் சரி எனக்குத் தெரிந்த சரி. மானேஜர் எதைச் சொன்னாலும், அது நடக்காது என்று தெரிந்தே நான் சொல்லுகிற சரி. நான் இன்னொரு பக்கத்து முடியை மூன்றாகப் பிரித்தேன். ஒரு பிரி மற்றதோடு கலந்துவிட்டது, மறுபடி பிரித்தேன், மறுபடி கலந்தது. வலித்திருக்கும். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தலையை அசைக்கவில்லை, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள்.